அம்மா எந்த வீட்டில் இருப்பது? பழைய வீடு, தொடர்மாடி, அனெக்ஸ்: தூக்கிவிடுகிறவரையும் கணக்கில் எடுத்து ஓர் ஒப்பீடு

கொழும்பிலும் அதை அண்டியும், வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வயதானவர்கள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நடை தள்ளாடுகிறது, பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண்பிள்ளையையும் வைத்தாயிற்று. இனி அவரைப் பழைய வீட்டிலேயே வைத்து வீட்டைத் திருத்துவதா, லிஃப்ட் உள்ள தொடர்மாடியில் ஒரு பிளட் எடுப்பதா, மகளின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸுக்குக் கொண்டுவருவதா? அம்மாவின் சொந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருப்பதால் முடிவு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் எடுக்கப்படும். விலை பேசப்படும், கோயில் எவ்வளவு தூரம் என்று பேசப்படும், காணியை விற்றால் என்ன வரும் என்று பேசப்படும். கட்டிலிலிருந்து மலசலகூடம் எத்தனை அடி, நடுவில் எத்தனை படி, இரவில் அந்தப் பிள்ளை எங்கே படுப்பார் என்று கேட்கிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது இந்த மூன்றையும்தான்.

நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள். பக்கவாதம் வந்தவர்கள், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் என்று பலரைப் பார்க்கிறேன். ஒரு வீட்டுக்குப் போனால் முதியவரின் காலைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பார்த்துக்கொள்கிறவரின் முதுகைப் பற்றி விசாரிப்பேன். அந்த முதுகு நொந்துவிட்டால் அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தூக்கி எழுப்புவது குறையும். கொமட்டில் இருத்துவதற்குப் பதிலாக பாம்பர்ஸ் கட்டப்படும். நாளுக்கு நாலு தரம் எழுந்து நின்ற மனுஷி ஒரு தரம்கூட நிற்க மாட்டார். சில மாதங்களில் கால் தசை கரைந்துவிடும், பிறகு பயிற்சியால் அதை முழுதாக மீட்பது மிகக் கடினம். அந்தப் பிள்ளையின் சோம்பல் என்று குடும்பம் நினைக்கும். பெரும்பாலான வீடுகளில் காரணம் கட்டில் சுவரோடு ஒட்டியிருப்பதும் குளியலறைக் கதவு ஒடுக்கமாக இருப்பதும்தான்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் ஆய்வாளர்கள், நோயாளரைக் கையால் தூக்குவதற்குச் சொல்லும் உச்ச எடை 35 இறாத்தல், ஏறத்தாழ 16 கிலோ. அதுவும் வசதியாக நின்று, உடம்பைத் திருப்பாமல் தூக்கினால்தான். கொழும்பில் ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்து தங்கி வேலை செய்கிற ஒரு பெண், 60 கிலோ உள்ள ஒருவரை கொமட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள ஓரடி இடைவெளியில் நின்று, பக்கவாட்டில் வளைந்து, நாளுக்குப் பல தடவை தூக்குகிறார். பக்கத்தில் நிற்க இடமிருந்தால் முதியவரின் காலே பாதி எடையைத் தாங்கும், அந்தப் பிள்ளை தாங்கிப் பிடித்தால் மட்டும் போதும். இடமில்லாவிட்டால் முழு எடையும் அவர் முதுகுக்கு வரும். எந்த வீடு நல்லது என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இன்னும் மிச்சமிருக்கிற வீடுகள்: முன்னால் விறாந்தை, நடுவில் பெரிய ஹோல், ஹோலைச் சுற்றி அறைகள், அதற்குப் பின்னால் சாப்பாட்டறை, குசினி, கடைசியில் பின்முற்றத்தில் மலசலகூடம். இந்த அமைப்பில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஹோலில் ஒரு கட்டிலைப் போட்டால் வீட்டில் எங்கே நின்றாலும் அம்மாவைப் பார்க்கலாம். குசினியில் சோறு வடிக்கிறவர் தலையைத் திருப்பினால் போதும். அறைக்கு ஓடி ஓடிப் பார்க்கும் வேலை மிச்சம். பழைய இரட்டைக் கதவுகளில் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டால் வீல்செயார் தாராளமாகப் போகும். மீன்காரர் கேற்றடியில் கூப்பிடுவதும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பதும் வயதானவருக்கு நாள் போவதற்குப் பெரிய துணை. மறதி நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம். நாற்பது வருஷம் இருந்த வீட்டில் இருட்டிலும் மலசலகூடத்துக்கு வழி தெரியும், புது இடத்துக்குக் கொண்டுபோனால் அந்த வழி அழிந்துவிடும்.

சரி, கெட்டது என்ன? படிகள். விறாந்தைக்கு மூன்று படி, சாப்பாட்டறையிலிருந்து குசினிக்கு ஒரு படி, பின்முற்றத்துக்கு இரண்டு படி, மலசலகூட வாசலில் ஒரு கட்டு. சாய்வுப் பாதை போட்டுவிடலாம் என்று மேசன் பாஸ் சுலபமாகச் சொல்லிவிடுவார். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. ஆறு அங்குலப் படிகள் மூன்று என்றால் 18 அடி நீளம் வேண்டும். வெள்ளவத்தை வீட்டு முன்முற்றத்தில் அது நேராக அடங்காது, வளைத்துத்தான் போட வேண்டும், வளைவில் வீல்செயார் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதரை தேவை. இடமில்லை என்று ஆறடியில் செங்குத்தாகப் போட்ட சாய்வுகளைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். இறங்கும்போது பின்னால் பிடித்திருக்கிறவரையும் அது இழுத்துக்கொண்டு போகும். அப்படி ஒன்றைப் போடுவதைவிடப் படியை அப்படியே விட்டு இரண்டு பக்கமும் கைப்பிடி வைப்பது நல்லது.

இரவில் மலசலகூடம் இன்னும் பெரிய பிரச்சினை. பின்முற்றத்துக்குப் போகும் வழியில் வெளிச்சம் குறைவு, மழையென்றால் ஈரம், சிவப்புச் சீமெந்துத் தரையில் ஈரம் பட்டால் வழுக்கும். பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கும் அதே மலசலகூடம்தான் என்றால் அவர் தன் தேவைக்கு வெளியே போகிற ஐந்து நிமிஷமும் அம்மா தனியாக இருப்பார். பார்த்துக்கொள்கிறவர்களில் பலர் அதற்குப் பயந்தே இரவில் தண்ணீர் குடிப்பதில்லை. இதை அவர்கள் வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை, என்னிடம் சொல்வார்கள்.

ஆகவே பழைய வீட்டைத் திருத்துவதென்றால் செலவின் பெரும்பகுதி ஒரே இடத்துக்குப் போக வேண்டும்: படுக்கையறையோடு சேர்ந்த ஒரு குளியலறை. முன்பக்க ஒஃபிஸ் அறையையோ ஸ்டோர் அறையையோ அதற்கு விட்டுக்கொடுக்கலாம். வெளிச் சுவரோரமாக வரட்டும். தரைக்குள் குழாய் இறங்கும் கொமட்டுக்கு பாஸ்மார் தரையை உயர்த்திவிடுவார்கள், உடனே வாசலில் ஒரு புதுப் படி முளைக்கும். சுவர் வழியாகக் குழாய் வெளியேறும் பீ-ட்ராப் கொமட்டைக் கேட்டு வாங்கினால் தரையை உயர்த்த வேண்டியதில்லை. தண்ணீர் அறைக்குள் வராமலிருக்கக் கட்டு கட்டத்தான் வேண்டும் என்பார்கள். தரைக்குச் சரிவு கொடுத்து, வாசலோரம் நீளமான ஒரு வடிகால் வைத்தால் கட்டுக்குத் தேவையே இல்லை.

அந்தக் குளியலறைக்குள் அளவுதான் எல்லாம். கதவைத் திறந்த பிறகு கிடைக்கும் வெற்றிடம் 32 அங்குலமாவது இருக்க வேண்டும், கதவுப் பலகையின் அகலத்தைச் சொல்லி ஏமாறக்கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது இழுகதவாக இருக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கொமட்டின் ஒரு பக்கம் சுவரும் கைப்பிடியும், மறுபக்கம் மூன்றடி வெற்றிடம். அந்த மூன்றடிதான் தூக்கிவிடுகிறவர் முழங்காலை மடித்து நிற்கும் இடம். கொமட்டின் உயரம் 18 அங்குலம் அளவுக்கு வந்தால் எழும்புவது சுலபம், சாதாரண கொமட்டின் மேல் உயர்த்தும் இருக்கை பொருத்தினாலும் போதும். குளிப்பதற்கு வாளியும் கோப்பையும் நம் பழக்கம், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் நீண்ட குழாயுள்ள ஹேண்ட் ஷவர் இருந்தால் பார்த்துக்கொள்கிறவர் நூறு தடவை குனிந்து நிமிர வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் கைப்பிடிக் கம்பி வாங்கும்போது 316 தர ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்று மற்றவற்றைத் தின்றுவிடும், துருப்பிடித்த திருகாணி ஒரு நாள் கையோடு வரும்.

அடுத்தது தொடர்மாடி. முதல் பார்வைக்கு எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது போல இருக்கும். சமதரை, லிஃப்ட், அறையோடு சேர்ந்த குளியலறை, கீழே காவலர். பின்னேரத்தில் வீல்செயாரில் இறக்கிக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகலாம். மூன்று படியால் வருஷக்கணக்கில் கேற்றைத் தாண்டாத ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தொடர்மாடியைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொழும்பின் பெரும்பாலான தொடர்மாடி வரைபடங்களைப் பாருங்கள். குசினிக்குப் பின்னால், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு சிறு அறையும் ஒரு ஆள் திரும்பவும் முடியாத ஒரு மலசலகூடமும் இருக்கும். வேலைக்காரருக்கு என்று குறித்திருப்பார்கள். சமைத்துத் துடைத்துவிட்டுப் படுக்கப் போகிற ஒருவரை மனதில் வைத்துக் கீறிய அறை அது. இரவில் மூன்று தரம் எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டியவருக்கு அது உதவாது. அம்மாவின் அறை மறு கோடியில் இருக்கும், நடுவில் இரண்டு கதவு, கூப்பிட்டால் கேட்காது. அதனால் என்ன நடக்கும்? அந்தப் பிள்ளை அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பார். ஒவ்வொரு இருமலுக்கும் விழிப்பார். மாதக்கணக்கில் முழுத் தூக்கம் இல்லாத ஒருவர் பகலில் தூக்குகிறார், மருந்து கொடுக்கிறார், அடுப்பு மூட்டுகிறார். ஆள் நிற்கிறார்கள் இல்லை, மாறி மாறிப் போகிறார்கள் என்று குடும்பங்கள் என்னிடம் கவலைப்படும்போது, அவர் எங்கே படுத்தார் என்றுதான் முதலில் கேட்பேன். சம்பளத்தைப் பிறகு கேட்பேன்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று அறை பிளட் என்றால் அம்மாவுக்குப் பெரிய அறை, அதை ஒட்டிய அறை பார்த்துக்கொள்கிறவருக்கு. கட்டில், மின்விசிறி, ஜன்னல், சாத்தக்கூடிய கதவு, சாமான் வைக்க ஒரு அலுமாரி. கம்பியில்லாக் கதவு மணி ஒன்றை வாங்கிப் பொத்தானை அம்மாவின் தலைமாட்டிலும் மணியை அவர் அறையிலும் வைத்தால் கூப்பிடும் வசதி முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற தம்பி எங்கே படுப்பார் என்ற கேள்வி உடனே எழும். வருஷத்தில் இரண்டு கிழமை வருகிறவருக்காக ஒரு அறையைப் பூட்டிவைத்துவிட்டு, வருஷம் முழுக்க இருப்பவரைத் தரையில் படுக்கவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிளட் குளியலறைகளையும் நம்பிவிடக்கூடாது. கதவு 27 அங்குலம் இருந்தாலே பெரிது, நிலையையும் கதவின் தடிப்பையும் கழித்தால் சக்கரங்களோடு 25, 26 அங்குலம் வரும் வீல்செயார் போகாது. குளிக்கும் இடத்தைக் கண்ணாடியால் அடைத்திருப்பார்கள், அதற்குள் இருவர் நிற்க முடியாது. கண்ணாடியைக் கழற்றலாம், ஆனால் சுவர் கொங்கிரீட் என்றால் அகலமாக்கவே முடியாது, மற்ற மாற்றங்களுக்கும் நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். சக்கரம் வைத்த கொமட் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் உள்ளே தள்ளிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பொதுக் கட்டடங்களுக்கு 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. நம் வீட்டுக் குளியலறைக் கதவை யாரும் வந்து அளக்கப் போவதில்லை, நாம்தான் அளக்க வேண்டும்.

கரண்ட் விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்போது ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுக்கக் கரண்ட் போனது. ஏழாம் மாடியில் இருக்கும் வீல்செயார்க்காரருக்கு லிஃப்ட் நின்றால் வீடு பூட்டப்பட்டதற்குச் சமம். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தைக்கும் கரண்ட் வேண்டும், ஒட்சிசன் இயந்திரத்துக்கும் வேண்டும். ஜெனரேட்டர் லிஃப்டை ஓட்டுமா, வீட்டுக்குள் ஒரு பிளக்கையாவது ஓட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லிஃப்டின் உள்ளளவையும் பாருங்கள். 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸ் வந்து, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நீட்டியபடி போகாவிட்டால் நாற்காலியில் இருத்தித்தான் இறக்க வேண்டும். மேல் மாடிக்கும் மேற்குப் பார்த்த அறைக்கும் பின்னேர வெயில் கடுமையாக அடிக்கும், கிழக்குப் பக்கம் கிடைத்தால் கடல் தெரியாவிட்டாலும் அதை எடுங்கள்.

லிஃப்ட் இல்லாத பழைய மாடி வீடுகளையும், மகன் கீழே அம்மா மேலே என்ற ஏற்பாட்டையும் நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. நடக்க முடியாத நாள் வந்ததும் அது முடிந்துவிடும் ஏற்பாடு. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையை விட்டுக்கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அனெக்ஸ் பற்றி. தரைத்தளம், தனி வாசல், மகள் பக்கத்திலேயே. மனதுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. நடக்கக்கூடிய, தன் வேலையைத் தானே பார்க்கிற ஒருவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பெரும்பாலான அனெக்ஸ்கள் ஒரு அறை, ஒரு சிறு குசினி, ஒரு குளியலறையோடு முடிந்துவிடும். தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும் நாளில் அவருக்கு இடம் இல்லை. அம்மாவுக்கும் அந்தரங்கம் இல்லை, அவருக்கும் இல்லை, ஒருவரின் தொலைபேசிப் பேச்சு மற்றவரின் தூக்கத்தைக் கெடுக்கும். அனெக்ஸுக்கும் மகளின் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு கதவை உடைக்க முடிந்தால், மகளின் பக்கம் ஒரு சிறு அறையை அவருக்குக் கொடுக்க முடிந்தால் கதை மாறும். அப்போது இரவு முறையை மகளும் கொஞ்சம் பகிரலாம். காணி தாழ்வானதா என்றும் பாருங்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் 2016 மே மாத வெள்ளத்தில் தரைத்தள வீடுகளிலிருந்து நடக்க முடியாதவர்களை வெளியே எடுப்பது எப்படியிருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

முதியோர் இல்லம் என்ற தெரிவை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. இரவுக்கு வேறு ஆள் முறை மாறி வருவார் என்பது அங்கே உள்ள பெரிய பலம். போய்ப் பார்க்கும்போது வரவேற்பறையைவிடக் குளியலறையைப் பாருங்கள், ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் ஒருவர் குனிந்து வேலை செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே இருந்தாலும் கட்டில் விஷயம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் மூன்றடி விட்டுப் போடுங்கள். அம்மா எழும்பி நிற்பதற்குக் கட்டில் அவர் முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும், ஆனால் உடம்பு துடைத்துத் துணி மாற்றுகிறவருக்கு அது இடுப்புயரத்தில் இருக்க வேண்டும். சாதாரண கட்டிலால் இரண்டையும் செய்ய முடியாது. உயர்த்தித் தாழ்த்தும் ஹொஸ்பிட்டல் கட்டில் கொழும்பில் வாடகைக்கும் கிடைக்கிறது. கையால் சுற்றும் வகை போதும், கரண்ட் போனாலும் வேலை செய்யும். முழுதாகப் படுத்துவிட்டவருக்கு நான் முதலில் சொல்லும் செலவு இதுதான், வீட்டை மாற்றுவதற்கும் முன்னால்.

இனி எதை எடுப்பது? அம்மாவுக்கு மறதி இருந்தால், பழைய வீட்டில் அறையோடு குளியலறை கட்ட இடமும் இருந்தால், நான் அந்த வீட்டைத்தான் சொல்வேன். புத்தி தெளிவாக இருந்து கால் மட்டும் போய்விட்டது, வெளியே போக ஆசைப்படுகிறார் என்றால் தொடர்மாடி, ஆனால் மூன்று அறை, முடிந்தவரை தாழ்ந்த மாடி. இரண்டாம் மாடி கிடைத்தால் கரண்ட் இல்லாத நாளில் நாலு பேர் நாற்காலியோடு இறக்கலாம். இரண்டும் முடியாமல், பழைய வீட்டின் மலசலகூடம் பின்முற்றத்தில், திருத்தவும் காசு இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் ஹோலில் கட்டிலைப் போட்டு, திரை ஒன்று தொங்கவிட்டு, சக்கரம் வைத்த கொமட் நாற்காலி ஒன்றைக் கட்டிலருகே வைத்தால், இரவுப் பயணம் முழுவதும் இல்லாமல் போகும். முழுத் தீர்வு இல்லைதான், ஆனால் விழுவது இப்படித்தான் முதலில் குறையும்.

காணியைக் கட்டுநரிடம் கொடுத்துப் பதிலுக்கு இரண்டு பிளட் வாங்கிக்கொள்ளும் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். வரைபடம் இன்னும் கடதாசியில் இருக்கும்போது குளியலறைக் கதவை அகலமாக்குவதற்கும், ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறையை நீக்கி அந்தச் சதுர அடியைப் படுக்கையறைப் பக்கம் சேர்ப்பதற்கும் பெரிய செலவு வராது. கொங்கிரீட் போட்ட பிறகு அது நடக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பேசப் போகும்போது அம்மாவைத் தூக்கிவிடுகிற அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்தச் சுவர் எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரியும்.